செருப்புத் துண்டில் சுழன்ற பாட்டு

என் அக்காவுக்கு மறதி நோய் ஒரு சேலையில் தொடங்கியது. அலமாரியைத் திறந்து தன் சொந்தச் சேலையைக் கையில் எடுத்தவள், "யாரோ என் சேலையை மாத்திட்டாங்கடி" என்றாள். கல்யாணத்துக்கு எடுத்த சேலை. கரையில் அவளே போட்ட தையல்கூட அப்படியே இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். "அதையும் சேத்துத் தைச்சி வச்சிருக்காங்க பாரு, எவ்வளவு கெட்டிக்காரங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு வளையலை மாற்றினார்கள், பல் செட்டை மாற்றினார்கள். கடைசியில் என்னையே மாற்றிவிட்டார்கள். "என் தங்கச்சி மாதிரியே ஒருத்தியக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காங்க" என்று என் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் குறை சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பயம் என்னிடம் வந்து தங்கிவிட்டது. ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். சாவியை வைத்த இடம் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். பசாரில் மீன்காரரிடம் என்ன கேட்க வந்தேன் என்று ஒரு கணம் தடுமாறினால், அன்று முழுவதும் சோறு இறங்காது.

ஒருநாள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் துணி காயப்போடப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி தோளைத் தட்டித்தான் புகையைப் பார்த்தேன். யாரோ மகளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து நேரே வந்து, கருகிய சட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேசிக்கிட்டிருக்க மாட்டேன்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்க கூட வந்துடணும், சொல்லிட்டேன்."

"துணி காயப்போட்டேன்லா. மறக்கல."

"பெரியம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க."

மகள் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டில் பகலெல்லாம் யாரும் இருக்க மாட்டார்கள். வரிசையாகப் பூட்டிய கேட்டுகள், நடந்து போக ஒரு கடை கிடையாது. அங்கே போய்விட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று மகளுக்குத் தெரியாது. லிட்டில் இந்தியாவுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கோயிலுக்குப் போவதாக அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

நான் போனது ராக் பாட்டுக் கேட்க.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையைப் படிப்பேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லாரி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில், துறைமுகத்துப் பக்கம் ஒரு மதுக்கடையை மூடினார்கள். அந்தக் கடை முதலாளி பழைய ரெக்கார்டு செட்டையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் குப்பையில் போடப் போனாராம். இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். செட்டில் ஒடிந்து கிடந்ததையெல்லாம் கம்பி வைத்துக் கட்டி ஓட வைத்தார். சினிமாப் பாட்டு வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்த சத்தத்தைக் கேட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அவருக்கும் பிடிக்கவில்லை. "சண்டை போடுறானுங்க" என்று நிறுத்தினார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு நானே போட்டேன். பயத்தோடுதான் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்தினான். நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கத்தியதில்லை. எனக்காக யாரோ கத்துவதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் எனக்குத் துணை. பாடுகிறவர்களின் பெயரைப் படிக்கத் தெரியாததால் நானே பெயர் வைத்தேன். ஒருவர் பல்லைக் கடித்துப் பாடுபவர். ஒருவர் மழைக் குரல்காரர். கிட்டார் வாசிக்கிறவர்களில் ஒருவருக்கு இரும்பு விரல்காரர் என்று பேர். பெட்டியில் ஒரே ஒரு சின்னத் தட்டு இருந்தது. அட்டை கிடையாது, நடுவில் ஒட்டியிருந்த தாளில் எழுத்தும் அழிந்து போயிருந்தது. அதன் ஓட்டை மற்ற தட்டுகளைவிடப் பெரியது, செட்டில் நிற்காமல் ஆடியது. வீட்டுக்காரர் தன் பழைய நீல ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, அந்த ஓட்டைக்குள் திணித்தார். அதன் பிறகு ஆடாமல் சுற்றியது.

அதில் பாடியவர்தான் எனக்கு எல்லோரையும்விட நெருக்கம். ஆழத்திலிருந்து, இழுத்து இழுத்துப் பாடுவார். கிணற்றுக்குள் இருந்து யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். டிரம் சத்தம் அடியிலிருந்து தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவதுபோல் வரும். கடைசி அடிக்கு முன்னால் அவர் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சுக்காகவே மறுபடி போடுவேன். கிணற்றுக் குரல்காரர் என்று பேர் வைத்தேன். வீட்டுக்காரர் இறந்த வருஷம் வேறு யார் குரலும் எனக்குக் காதில் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் செட்டு மோட்டார் நின்றுவிட்டது. சரி பார்க்க ஆள் தேடித்தான் லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேல் இருக்கும் பழைய ரெக்கார்டுக் கடைக்குப் போனேன். மரப்படி செங்குத்தாக இருந்தது. பாதிப் படியில் மேலேயிருந்து பாட்டு வந்தது. பல்லைக் கடித்துப் பாடுபவர்! பாட்டு முடியும்வரை படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, மூச்சு வாங்குதா?"

"இல்ல தம்பி. பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ள வந்து உக்காருங்கக்கா. ஞாயித்துக்கிழமைதான் நாங்க கூடுறது" என்றார். என் செட்டுக்கு மோட்டார் கிடைக்காது என்றும் சொன்னார். ஆனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம். சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். தவறாமல் வருகிறவர் ஒரு ரிட்டையர் ஆன வாத்தியார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கிலீஷ் பாடம் நடத்தியவர். எல்லாப் பாட்டுக்காரர்களின் வரலாறும் தெரியும், நாக்கும் கொஞ்சம் கூர். இன்னொருத்தி மலாய்ப் பெண், தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவள். தலையில் துடோங் முக்காடு, காலில் பெரிய கறுப்பு பூட்ஸ். இருப்பதிலேயே அதிகச் சத்தமான பாட்டைக் கொண்டுவருபவள் அவள்தான். என்னை மாச்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டு, என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்து ஒருவர் ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். பாட்டு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் கொண்டுவந்தவர் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு முறை வரும்போதெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். பேசுவதற்கு அவ்வளவு பயம். ஆனால் நான் வைத்த பேர்களை எப்படியோ ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் பிடித்துப்போய், "மழைக் குரல்காரர் தட்டு வந்திருக்கு" என்று வாட்ஸப்பில் போடும் அளவுக்கு ஆகிவிட்டது. கிணற்றுக் குரல்காரரைப் பற்றியும் சொன்னேன். அதுதான் வினை.

"அப்படி ஒரு ஆளு எனக்குத் தெரியாம எப்படிம்மா இருப்பான்?" என்றார் வாத்தியார். "லேபல்ல என்ன போட்டிருக்கு?"

"எழுத்து அழிஞ்சிடுச்சு சார்."

"அப்ப தட்டையே கொண்டாங்க. கெணத்துல இருந்து அந்த ஆளைத் தூக்கிடுவோம்."

வாரா வாரம் கேட்டார். நானும் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். மோட்டார் நின்றதிலிருந்து அவரை நான் தலைக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கோப்பி கலக்கும்போது அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். டிரம் வருகிற இடம், கிட்டார் அறுக்கிற இடம், மூச்சு இழுக்கிற இடம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் நானும் என் இடத்தில் இருக்கிறேன் என்று தைரியம். பருப்பு கருகிய மறுநாள் காலையில் அதை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. அக்காவுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று அடுப்படியிலேயே நின்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை இரண்டு துண்டுக்கு நடுவில் சுற்றி, பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கடையில் தட்டைத் தம்பியிடம் கொடுத்தேன். அதிலிருந்த செருப்புத் துண்டை அவர் நெட்டித் தள்ளி, மேசை மேல் வைத்துவிட்டுத் தன்னிடம் இருந்த பிளாஸ்டிக் துண்டைப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். விசிறி நின்றது. கீழே கடையில் மிளகாய் வறுக்கும் நெடி மட்டும் பலகை இடுக்கு வழியாக ஏறி வந்தது.

ஊசி இறங்கியது.

முதலில் தட்டில் உள்ள கீறல் கேட்டது. எனக்குத் தெரிந்த கீறல்தான், ஆனால் அவசரமாகக் கேட்டது. பிறகு டிரம் வந்தது. தண்ணீர்த் தொட்டி இல்லை, தகர டப்பா. அப்புறம் ஒரு பெண் பாடினாள். சின்னப் பெண். துள்ளித் துள்ளி, கல்யாண வீட்டில் ஓடி விளையாடுகிற பிள்ளை மாதிரி.

யார் இந்தப் பெண்?

என் கைகள் சில்லிட்டன. வாயைத் திறக்கக் கூடாது. வாத்தியார் ஒரு காலால் மெல்லத் தாளம் போட்டார். மலாய்ப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கிட்டார் வந்தது. அதன் இடத்தில்தான் வந்தது, ஆனால் அறுக்கவில்லை, கிச்சுகிச்சு மூட்டியது. என் பாட்டு நகர்ந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஒன்றும் நகரவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, ஆனால் எதுவும் என்னுடையதாக இல்லை. கடைசி அடிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே மூச்சு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தால் இது அதே தட்டு. அதே தட்டு என்றால் கெட்டுப்போனது தட்டு இல்லை, நான்.

மூச்சு வந்தது. அந்தப் பெண் 'ஹக்' என்று இழுத்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கப்படி நான் பேச வேண்டும்.

"யாரோ தட்டை மாத்திட்டாங்க" என்றேன்.

அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. அக்காவின் குரலில் விழுந்தது. அலமாரிக் கதவு, கையில் சேலை, அவள் முகம், எல்லாம் கண் முன்னால் வந்தன. நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

"யாரும்மா மாத்துவா? இப்பத்தானே உங்க பையில இருந்து எடுத்தீங்க" என்றார் வாத்தியார். பிறகு சிரித்தார். "கெணத்துல ஆம்பளைய எறக்கி வச்சீங்க, பொம்பளப் புள்ள ஏறி வருது!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் என் முகம் புரிந்துவிட்டது. "டியாம்லா, அங்கிள்" என்று அவரை அடக்கினாள்.

"ஆம்பளைதான் சார் பாடுவாரு" என்றேன். "எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாத் தெரியும்."

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கம். அக்கா பேசும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம். இவர்கள் மகளுக்குச் சொல்வார்களா, மகளின் நம்பர் இவர்களிடம் இருக்கிறதா என்றெல்லாம் மனசு ஓடியது. வீட்டுக்குப் போய் முதலில் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து தட்டைக் கேட்டேன். தம்பி தயங்கித் தயங்கித் தட்டை எடுத்தார். மேசை மேல் கிடந்த செருப்புத் துண்டை வாத்தியார் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னம்மா? சிலிப்பரா?"

"ஓட்டைக்கு வைக்கிறது சார். அவரு வெட்டினாரு."

"யாரு, கெணத்துக்காரரா?"

"என் வீட்டுக்காரரு."

வாத்தியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அக்கா, உங்க செட்டுல ஸ்பீட் மாத்துற குச்சி எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"அது வந்தப்பவே ஒடஞ்சிருந்துச்சு தம்பி. அவரு கம்பி வச்சு ஒரேயடியாக் கட்டிட்டாரு."

"எந்த ஸ்பீட்ல?"

"எந்த ஸ்பீடா? ஒரு ஸ்பீடுதான். எல்லாத் தட்டும் அதுலதான் ஓடும்."

"பெரிய தட்டெல்லாம் ஒழுங்காத்தானே ஓடுச்சு?"

"ஒழுங்காத்தான் ஓடுச்சு. இங்க கேக்குற மாதிரியேதான்."

தம்பி தன் நெற்றியிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டார். "ஐயோ அக்கா! சின்னத் தட்டு வேகமா ஓடணும். நீங்க பெரிய தட்டு ஸ்பீட்ல போட்டிருக்கீங்க. மெதுவா ஓடிச்சின்னா பொம்பளக் கொரலும் ஆம்பளக் கொரலாயிடும்."

எனக்கு அவர் சொன்னது பாதிதான் ஏறியது. பயத்தில் இருப்பவளுக்கு விளக்கம் ஏறாது. சமாதானப்படுத்தப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அக்காவை நாங்களும் இப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்துவோம். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டுச் செருப்புத் துண்டையே மறுபடி திணித்தார். அது வேகத்துக்கு ஒன்றும் செய்யாது என்று இப்போது தெரியும். ஆனால் அவர் அதைத்தான் திணித்தார். குச்சியைத் தள்ளினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவையும் அந்தப் பெண்ணே பாடினால் நேரே மகளுக்குப் போன் பண்ணி, வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கீறல் மெதுவாக வந்தது. பிறகு அடியிலிருந்து யாரோ தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார்கள்.

அவர் பாடினார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், வீடு திரும்பியவள் அறை அறையாகப் பார்ப்பதுபோல. டிரம் இருந்தது. அறுக்கிற கிட்டார் இருந்தது. கடைசி அடிக்கு முன்னால் அவர் மூச்சு இழுத்தார். அந்த நீளமான, தளர்ந்த மூச்சு. என் விரல்கள் நாற்காலியை விட்டன.

பாட்டு முடிந்தது. பேச வேண்டியவள் நான்தானே. "இவருதான்" என்றேன்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்ல ஒரு பெட்டி நெறைய சின்னத் தட்டு கெடக்கு. எல்லாத்தையும் மெதுவாப் போட்டுப் பார்த்துட்டுத்தான் இனி சாவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். மலாய்ப் பெண் இரண்டு வேகத்திலும் ஓட விட்டுத் தன் போனில் பதிந்து எனக்கு அனுப்பினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு கரைந்துவிட்டது. அப்படி ஒரு மனிதரே கிடையாது. எங்கேயோ ஒரு சின்னப் பெண் குஷியாகப் பாடியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் கட்டிய கம்பியும் நானும் சேர்ந்து அவளை ஒரு துக்கப்பட்ட ஆணாக்கி, இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்தோம். அக்கா, இருந்ததை இல்லை என்றாள். நான் இல்லாத ஒருவரை இருக்கிறார் என்றேன். இதில் எது மேல் என்று யோசிக்க யோசிக்க மறுபடி உள்ளங்கை வேர்த்தது.

இன்னொன்றும் உறைத்தது. பாட்டு ஏன் மாறியது என்று தெரிந்துவிட்டது. பருப்பு ஏன் கருகியது என்று தெரியவில்லை. துணி காயப்போட்டேன் என்று மகளிடம் சொன்னேனே, எத்தனை துணி? வாசலில் நின்று நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? பக்கத்து வீட்டுக்காரி தட்டும்வரை உள்ளே அடுப்பு என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை. காலைக் கோப்பியோடு நான் ஓட்டிப் பார்த்த பாட்டு எனக்குச் சொன்ன தைரியம் பொய்யாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் பண்ணினேன். கடை, செருப்புத் துண்டு, வாத்தியார், எல்லாவற்றையும் சொன்னேன். "யாரோ தட்டை மாத்திட்டாங்க" என்று நான் சொன்னதையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் மகளின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"கிளினிக்குல ஒரு தடவை காட்டிடலாமா?" என்று நானே கேட்டேன்.

"நீ கோயிலுக்குப் போறேன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அவள். பிறகு, "லீவு போடுறேன்மா" என்றாள்.

அரசாங்கக் கிளினிக்கில் கூட்டம். நம்பர் எடுத்துவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பேசினால் இரண்டு பேருக்கும் அக்கா ஞாபகம்தான் வரும். போனை எடுத்து, காதில் வைக்கிற ஒயரில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். முதலில் அந்தச் சின்னப் பெண்ணைப் போட்டேன். அவளுக்குத் தலை ஆடியது. பிறகு அவரைப் போட்டேன். அவள் தலை நின்றுவிட்டது.

"யாரும்மா இது?" என்றாள். "அப்பா செத்தப்ப உன் ரூம்ல—"

"பாட்டு முடியிறவரைக்கும் பேசக் கூடாது" என்றேன்.

டிரம் போனது, கிட்டார் வந்தது. மூச்சு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பலகையில் எங்கள் நம்பர் விழுந்தது. நான் எழவில்லை. மகளும் எழவில்லை. நர்ஸ் இரண்டாம் தடவை கூப்பிட்டபோது மகள் என் கையைப் பிடித்தாள். என் கை சில்லிட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். சில்லிட்டிருந்தது அவள் கை.